மிச்சமாகும் மூன்று மணிகள்

அன்பு மகளுக்கு, ஆண்டவர் துணை.

எழுத்து கோணலாக இருக்கிறதென்று சிரிக்காதே. எட்டாம் வகுப்பிலும் உன் அப்பாவின் எழுத்து இப்படித்தான்.

வெள்ளிக்கிழமை வயல் வீதியில் ஆமிக்காரர் எங்களைப் பிடித்து முழங்காலில் நிறுத்தினார்கள். பக்கத்து வயல் சின்னப்போடியை என் கண் முன்னே சுட்டார்கள். அவனுடைய இரத்தம் என் முகத்தில் தெறித்தது. ஒரு சிப்பாய் என் செபமாலையைப் பறித்துச் சப்பாத்தால் மிதித்து நொறுக்கினான். பிறகு துவக்குப் பிடியால் என் வாயில் இடித்தான். இரண்டு பல் போயிற்று. உன் அம்மாவின் முறுக்கிலிருந்து தப்பினேன்.

அன்றிலிருந்து ஜீப் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது, நெஞ்சு அடைக்கிறது. நீ தாதிப் பயிற்சியில் படித்துச் சொன்னபடி நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுகிறேன். ஒவ்வொரு மூச்சுக்கும் பிறகு ஒரு அருள்நிறை மரியே மந்திரம்.

நம் நெல்லை வாங்கும் கல்முனை மீராசா பார்க்க வந்தான். தான் தொழுகை முடிந்து எண்ணும் தஸ்பீஹ் மாலையை என் கையில் வைத்தான்.

"மணிக்கு என்ன மச்சான் வேதம்? பிடி, எண்ணு."

அதில் முப்பத்துமூன்று மணி. பத்துப் பத்தாக மூன்று முறை சொன்னால் மூன்று மிச்சம். ஒன்று சின்னப்போடிக்கு, ஒன்று உனக்கு. மூன்றாவதை அந்தச் சிப்பாய்க்கென்று வைத்தேன். அந்த மணி வந்ததும் அவன் கழுத்தைப் பிடித்தாற்போல் நெரிக்கிறேன்.

இன்று அந்த மணியில் பாதி மந்திரம்வரை வந்தேன். மீதியில் "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்று மாதாவை வேண்டிக்கொள்ளச் சொல்கிறோமே மகள், அந்த "எங்களுக்காக"வில் அவனையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

மீதிப் பற்களோடு,
உன் அப்பா