வேளாங்கண்ணிக்கு அப்பால்

விம்கோ நகரில் நான் வழக்கமாக வண்டி விடும் ஷெட்டில், இன்று காலை பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார்கள். ஏசி போட்டால் ஏதோ வாடை வருகிறது என்று சொல்லியிருந்தேன். மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னா மேடம், அடியில ஒரு பட்சணக் கடையே கீது” என்றார். அவர் உள்ளங்கையில் தட்டைத் துண்டுகள், கொஞ்சம் வேர்க்கடலைத் தோல், ஒரே ஒரு கல்கல். அதை மட்டும் எடுத்துப் பார்த்தேன். மாவைச் சீப்பில் அழுத்திச் சுருட்டிய வரிகள் கலையாமல் இருந்தன. மேலே பூசிய சர்க்கரை சாம்பல் நிறமாகியிருந்தது. எறும்புகூட அதைச் சீண்டவில்லை. முகர்ந்தபோது எண்ணெய்ச் சிக்கு வாடைக்குள் கொஞ்சம் ஏலக்காய் இருந்தது. அல்லது இருந்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.

“போட்டுடவா மேடம்?”

“போட்டுடுங்க.”

ஒரு பழைய கல்கல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இல்லாதவர்களுக்குக் கடிதம் எழுதுவதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, உனக்குத் தெரியும். ஆனால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது, இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் என்று யோசித்தால் யோசனை உன்னிடம்தான் வந்து நிற்கிறது.

ஆட்களைச் சேர்க்கிற வேலை எப்போதும் உன்னுடையது. கல்லூரியில் பக்கத்து இடம் காலியாக இருந்ததால் நான் உனக்குத் தோழியானேன். அதற்குமேல் நான் எந்த முயற்சியும் செய்ததாக நினைவில்லை. பிறகு நான் மணலியில் எண்ணெய் சோதிக்கும் லேபுக்கும் நீ துறைமுகத்து ஆபீசுக்கும் போனோம். ரெஜினா உன் சித்தி மகள், ராயபுரத்தில் உனக்கு அடுத்த தெரு. கஸ்தூரி உன் ஆபீஸ் தோழி. பிறந்தது ஆடு வெட்டும் கூடம் இருக்கும் புளியந்தோப்பு, வாழ்க்கைப்பட்டது தண்டவாளத்தை ஒட்டிய கொருக்குப்பேட்டை. உனக்கு அவர்கள் இருந்தார்கள், எனக்கு நீ இருந்தாய். அதனால் எனக்கும் அவர்கள் இருப்பதாக ஒரு கணக்கில் இருந்துவிட்டேன். அது உண்மைதானா என்பதுதான் நீ போன பிறகு எனக்கு விளங்காத விஷயம்.

கோடியக்கரைக்குப் போகலாம் என்று நீ சொன்னது உன் ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு. பொங்கல் கழிந்து ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சனி ஞாயிறு. ஊட்டி, ஏற்காடு என்று ரெஜினா ஏதேதோ சொன்னாள். நீ கேட்கவில்லை.

“சின்னப் புள்ளையில இருந்து வருசா வருசம் வேளாங்கண்ணிக்கு வேன் வெச்சிகினு போறோம். மாதாவப் பாத்துட்டு, கடல்ல கால நனைச்சிட்டு, வண்டி அப்படியே திரும்பிடும். அதுக்கு அப்பாலயும் ரோடு போவுதுடி. அங்க மான் கீதாம், குதிர கீதாம். ஒருக்கா பாத்துட்டு வந்துடலாம்.”

“கடல் பக்கத்துல வூட்ட வெச்சிகினு, கடலப் பாக்க நாள் முழுக்க வண்டி ஓட்டணுமா?” என்றாள் கஸ்தூரி.

“கடல யாரு பாக்கச் சொன்னா. மானப் பாருடி.”

கடையில் வாங்கிய எதுவும் வண்டியில் ஏறக்கூடாது என்பது உன் சட்டம். நீ கல்கல் செய்தாய். அதற்கென்று ஒரு புதுச் சீப்பு உங்கள் வீட்டில் தனியாக இருக்கும், கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வெளியே வரும்; அந்த வருடம் இரண்டாம் முறை வந்தது. கஸ்தூரி தட்டை கொண்டுவந்தாள். ரெஜினா நெத்திலிக் கருவாட்டை மொறுமொறுவென்று வறுத்துக் கொண்டுவந்தாள், அந்த வாசம் செங்கல்பட்டு வரை எங்களுக்குப் பெருமையாகவும் அதற்குப் பிறகு கொஞ்சம் பேஜாராகவும் இருந்தது. நான் வேர்க்கடலை அவித்து எடுத்து வந்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

என் வண்டிதான், ஆனால் நீதான் ஓட்டினாய். நெடுஞ்சாலை என்றால் எனக்குக் கை வியர்க்கும். நீ ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் கடலையையும் பிடித்துக்கொண்டு, “டிகிரி மேல டிகிரி வாங்கிகீறா, கடலைக்கு உப்பு போடத் தெரியல” என்று பாண்டிச்சேரி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாய். முன் சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத பேச்சு அது. நீங்கள் மூவரும் பேசுவீர்கள், நான் கூட இருப்பேன். அதற்குப் பெயர் நட்பு என்றுதான் எண்ணியிருந்தேன்.

நாகப்பட்டினம் தாண்டியதும் ரெஜினா முன்னால் எட்டி உன் தோளைத் தொட்டாள். “அக்கா, கோயிலுக்குப் போய்ட்டுப் போலாம். ஆபரேசன் கீது உனுக்கு. மாதா முன்னாடி நின்னுட்டுப் போனா எனக்கு மனசு ஆறும்.”

“வர்றப்ப பாத்துக்கலாம்டி.”

“வேளாங்கண்ணிய தாண்டிப் போறது தப்புக்கா.”

“மாதா எங்கயும் போவ மாட்டாங்க. மான் போய்டும்.”

ரெஜினா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அலங்கார வளைவு பின்னால் போனது. கோபுரங்கள் தென்னை மரங்களுக்குள் மறைந்தன. நீ வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. கடவுளை நம்பாத நானே ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். நீ மட்டும் பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளை போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வேதாரண்யத்தில் உப்பளங்கள் வந்தபோது கஸ்தூரி வெளியே கை காட்டினாள். “அந்தக் கடலைய எடு. சன்னல் வழியா கைய நீட்டித் தொட்டுகினு துண்ணலாம்.” ரெஜினாவும் சிரித்துவிட்டாள்.

சரணாலயத்து வாசலில் காவலர் பையைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாதாம்.

“எங்ககிட்ட பிளாஸ்டிக்கே இல்லண்ணே” என்றாய். தண்ணீருக்குக்கூட எவர்சில்வர் பாட்டில் எடுத்து வந்திருந்தாய். பையைத் திறந்தால், கழுவிக் காயவைத்து நூலால் கட்டிய பால் கவர்கள். கல்கல், தட்டை, கருவாடு எல்லாம் அதற்குள்.

“இது என்னம்மா?”

“இது பால் கவருண்ணே.”

“பால் கவர் என்ன வாழ எலையாம்மா?”

நீ நிஜமாகவே திகைத்து நின்றாய். ராயபுரத்தில் உங்கள் வீட்டில் பால் கவர் என்பது பாத்திர வகை. கத்தரியால் மேலே மட்டும் நறுக்கி, சோப்புப் போட்டுக் கழுவி, குழாயில் ஒட்டிக் காயவைத்தால் அது அடுத்த பத்துப் பொருளுக்குப் பை. அது பிளாஸ்டிக் என்று அதுவரை உனக்குத் தோன்றியதே இல்லை. கஸ்தூரிக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தோன்றவில்லை, இத்தனைக்கும் நான் படித்தது வேதியியல்.

அப்புறம் என் துப்பட்டாவை விரிக்கச் சொன்னாய். எல்லாவற்றையும் அதில் கொட்டினாய். காவலருக்கும் ஒரு கை கொடுத்தாய். அவர் கல்கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “சோழி மாதிரி இருக்கு” என்றார். தின்று பார்த்துவிட்டு இன்னொரு கை வாங்கிக்கொண்டார். கவர்களைத் தன் மேசைமேல் கல் வைத்து அடக்கி, திரும்பும்போது எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அதனால்தான் அந்த மானின் படம் நம் யாரிடமும் இல்லை. புல்வெளி திறந்த இடத்தில் நீ வண்டியை நிறுத்தினாய். உன்னுடைய போன் சார்ஜ் இல்லாமல் செத்திருந்தது. பலகாரம் எல்லோருக்கும் எட்டட்டும் என்று முன் சீட்டிலிருந்து பின்னால் அந்த இருவருக்கும் நடுவில் நான் தள்ளப்பட்டு, மடியில் துப்பட்டா மூட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கைகளோ எண்ணெயும் கருவாடும்.

“ஆடு” என்றாள் கஸ்தூரி.

“ஆடாம். புளியந்தோப்புக்காரிக்கு நாலு கால் இருந்தா போதும், ஆடு. கொம்பப் பாருடி. முறுக்கிகினு கீது பாரு” என்றாய்.

கறுத்த முதுகு, வெளுத்த வயிறு. அது எங்களைப் பார்க்கவே இல்லை. ஏதோ நினைத்துக்கொண்டது போல ஓடத் தொடங்கி, தாண்டுவதற்கு எதுவுமே இல்லாத வெறும் புல்லில் உயரமாக ஒரு தாவு தாவியது. மறுபடியும் ஒன்று. அதன் பின்னால் வெளிர் பழுப்பில் பெண்மான்கள். உன் பின்னந்தலை மட்டும் எனக்குத் தெரிந்தது. நீ அழுகிறாயா சிரிக்கிறாயா என்று பார்க்க முடியாத இடத்தில் நான் இருந்தேன். நான் அசைந்தால் கல்கல் சிந்திவிடும். கொஞ்சம் சிந்தவும் செய்தது.

“சொம்மாவே குதிக்குதுடி” என்றாய் கடைசியில். “எதுக்குன்னே இல்ல.”

எதிரிக்குத் தன் பலத்தைக் காட்ட அப்படித் தாவும் என்று எங்கோ படித்திருந்தேன். சொல்லவில்லை.

சாயங்காலம் மற்ற இருவரும் டீக்கடைக்குப் போனார்கள். நீயும் நானும் வண்டிக் கதவுகளைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தோம். உனக்குக் களைப்பு. அப்போதுதான் கேட்டாய்.

“நான் போய்ட்டன்னா நீ இதுங்களோட பேசமாட்ட, இல்ல?”

“தெரியாது” என்றேன்.

“பொய்யாவது சொல்லேன்டி.”

“தெரியாதத எப்படிச் சொல்ல?”

நீ வெகுநேரம் சிரித்தாய். “இதுக்குத்தான் உன்ன இட்டுகினு வர்றது. மத்தவங்க எல்லாம் ‘நீ எங்க போவ, ஒன்னும் ஆவாது’ன்னுவாங்க.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “நீ வூட்டுக்குள்ள பூந்துக்குவ. கதவத் தட்டுனாலும் தொறக்க மாட்ட. எனக்கு அதான் கவல” என்றாய். ஆபரேஷனைப் பற்றி அந்த இரண்டு நாளில் நீ கவலை என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. எனக்காக அதைச் செலவழித்தாய். நான் உப்பில்லாத கடலையை உரித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் மாதா கோயிலில் நின்றோம். ரெஜினாவோடு நீயும் மெழுகுவத்தி ஏற்றினாய்.

அடுத்த மழைக்காலத்தில் உன்னைக் கொண்டுபோனோம். கல்லறையில் நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம், தோள் இடிக்கும் தூரத்தில். அதற்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.

நீ தொடங்கிய வாட்ஸப் குழு இன்னும் இருக்கிறது. “ஆடு இல்ல மான்” என்று நீ வைத்த பெயரை யாரும் மாற்றவில்லை. பொங்கலுக்கு ஒரு பானைப் படம், ஈஸ்டருக்கு ஒரு லில்லி, இரண்டு கும்பிடு போடும் கைகள். உன் எண்ணும் அதில் இருக்கிறது. எடுக்க வேண்டுமென்றால் நீதான் எடுக்க வேண்டும், அட்மின் நீ மட்டும்தான்.

போன தை மாதம் ரெஜினா அதில் எழுதினாள்: அக்கா நினைவாக மறுபடியும் மானைப் பார்த்துவிட்டு வரலாமா. உடனே சம்மதித்தோம். மூவருமே சம்மதிக்க வேண்டியவர்கள் போல உடனே. வண்டியை நான் ஓட்டினேன். கை வியர்த்தது, துடைத்துக்கொண்டு ஓட்டினேன். பலகாரம் எல்லோரும் எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்திருந்தோம். என் கடலையில் உப்புச் சரியாக இருந்தது.

“எடுத்துக்குங்க” என்றாள் கஸ்தூரி என்னிடம்.

“பரவால்ல, நீங்க சாப்பிடுங்க.”

இத்தனை வருடம் ‘டி’ போட்டுப் பேசியவள். எனக்குத் தெரிந்து யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லை. யார் உப்பில்லை என்று கத்துவது, யார் ஆடு என்று சொல்வது, அதற்கு யார் வாய் கொடுப்பது என்று தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். நாங்கள் உன்னைப் பற்றியும் பேசவில்லை. மாமல்லபுரம் தாண்டியதும் கஸ்தூரி தன் மகனின் வேலையைப் பற்றிச் சொன்னாள், நான் நல்லது என்றேன், பிறகு சிதம்பரம் வந்துவிட்டது.

வேளாங்கண்ணியில் இறங்கினோம். ரெஜினா வெகுநேரம் முட்டி போட்டிருந்தாள். கஸ்தூரி அவள் பக்கத்தில் கைகூப்பி நின்றாள். நான் வெளியே செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். வந்து வண்டியில் ஏறியதும், பெரிய ரோட்டில் இடப்பக்கம் வேதாரண்யம், வலப்பக்கம் வந்த வழி.

“நேரமாயிடுச்சு இல்ல?” என்றாள் ரெஜினா. “எனுக்கு நாளைக்கு டூட்டி வேற கீது.”

“உங்க இஷ்டம்” என்றாள் கஸ்தூரி.

அந்த இடத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும், போயிருப்போம். இருவரும் என்னைத்தான் பார்த்தார்கள், ஸ்டியரிங் என் கையில் இருந்ததால். ஒரு ஆளை இழுத்துக்கொண்டு போக எனக்குத் தெரியாது. இழுத்தால் வந்துவிடுகிற ஆளாகத்தான் இருந்து பழக்கம். “சரி” என்று சொல்லி வலப்பக்கம் திருப்பினேன். உங்கள் வீட்டு வேன் வருடா வருடம் திரும்பும் அதே இடம்.

அதிலிருந்து இன்றுவரை நாங்கள் மூவரும் சந்திக்கவில்லை.

இன்று வண்டியை விட்டுவிட்டு வந்தேன் என்றேனே. மதியம் வரை எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். நீ கேட்ட கேள்விக்கு விடை தெரியாது என்று அன்று சொன்னது நேர்மையான பதில்தான். ஆனால் தெரியாததைத் தெரிந்துகொள்ள ஒரே வழி சோதித்துப் பார்ப்பது. அதைத்தான் தினமும் லேபில் செய்கிறேன், சம்பளம் வாங்கிக்கொண்டு. கஸ்தூரிக்கு போன் போட்டேன். காரணம் எதுவும் தயார் செய்யவில்லை. அவள் எடுத்ததும் குக்கர் விசில் கேட்டது.

“சொல்லுங்க, இன்னா விசயம்?”

“விஷயம் ஒண்ணும் இல்ல. சும்மாதான்.”

“சும்மாவா?” அவள் குரலில் பயம்கூட இருந்தது. “யாருக்கு இன்னா ஆச்சி?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் வீட்டுக்குப் பின்னால் கூட்ஸ் ரயில் வந்துவிட்டது. “இரு, கூட்ஸ் போவுது” என்று கத்தினாள். நான் இருந்தேன். கொருக்குப்பேட்டை கூட்ஸ் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியும். பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் வைத்துவிடலாம், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒரு முறை தோன்றியது. வைத்தால் பிறகு பேச மாட்டேன் என்றும் தெரிந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்தச் சத்தம் முழுவதையும் கேட்டேன். அவளும் அந்தப் பக்கம் வைக்கவில்லை. கடைசிப் பெட்டி போய், தண்டவாளத்தின் அதிர்வும் அடங்கி, குக்கர் ஆவி மட்டும் கேட்டது.

“கீறியாடி?” என்றாள்.

“கீறேன்” என்றேன்.

உன்னோடு இருந்த அத்தனை வருடத்தில் நான் ஒரு நாளும் பேசாத உங்கள் சொல். அந்த நேரத்துக்கு என்னிடம் வேறு சொல் இருக்கவில்லை.