ஒழுங்காக அடித்த நாடி

3.11.75, திங்கள்

விடியலிலிருந்து மழை. கோப்பாய்ச் சந்தியில் கப்பல் விடலாம். அக்காவை டொக்குத்தரிடம் கூட்டிப்போனேன். பஸ்ஸில் அரை யாழ்ப்பாணம் என் மடியில்.

நெஞ்சில் வயர் பூட்டி எடுத்த படத்தில் அக்காவின் இதயம் கோழி கிளறிய மணல். மேலறை இரண்டும் ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடிக்கின்றனவாம். அதனால் கீழறைகளும் கண்டபடி அடிக்கின்றன. மேலே இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் வாதம். குளிசை தந்தார், நாளுக்கு ஒன்று.

"இது ஒழுங்காக்காது. வேகத்தை மட்டும் அடக்கும்" என்றார். கொடுக்கமுன் ஒரு நிமிடம் முழுக்க நாடி எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே என்றால் கொடுக்காமல் உடனே ஓடிவர வேண்டும்.

ஆக, அகில உலக நாடி எண்ணும் சக்கரவர்த்தியாக எனக்கு முடிசூட்டு. முப்பது வருடம் தந்திக் கந்தோரில் டிக்டிக் கேட்ட காது. அக்காவின் நாடி எந்தத் தந்தியிலும் சேராது. 92.

4.11, செவ்வாய்

கந்தசஷ்டி தொடக்கம். அக்காவுக்கு ஆறு நாளும் தண்ணீர் மட்டும். குளிசை விழுங்கினால் விரதம் முறியுமாம். அவள் மகள் சரோஜா கெஞ்சிப் பார்த்துவிட்டுப் படிப்பிக்கப் போய்விட்டாள். பிறகு என் திருவாய் மலர்ந்தது:

"நாளுக்கொண்டா முந்தானையிலை முடிஞ்சு வையுங்கோ அக்கா. பாரணையண்டு எல்லாத்தையும் ஒண்டா விழுங்கினா முருகனுக்கும் திருப்தி, டொக்குத்தருக்கும் திருப்தி."

அக்கா சிரித்தாள். குளிசையை வாங்கிக்கொண்டு, செம்புத் தண்ணீரோடு சாமியறைக்குப் போனாள். வென்றேன்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், கற்பூரம், குடைக்குக் கம்பி.

7.11, வெள்ளி

118. நிற்கிறது, ஓடுகிறது, தடக்கி விழுகிறது. பட்டினிக் களை என்றாள். நம்பினேன். டொக்குத்தரிடம் போகாததற்கு மழை பாதிக் காரணம், என் சோம்பல் மீதி.

9.11, ஞாயிறு

சூரன்போர். சனம் கடல். அக்கா மதிலில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "என்னை என்னத்துக்கடா தம்பி பாக்கிறாய்? சூரனைப் பார்." காலையில் 124. நாளைக்குப் பாரணை, எல்லாம் சரியாகிவிடும் என்றாள்.

10.11, திங்கள்

விடியப் பாரணை. அக்கா இரண்டு பிடி சோறுதான். மத்தியானம் முழுக்கச் சத்தி, குடித்த தண்ணீரும் வெளியே. சுவர் மஞ்சளாகத் தெரிகிறதாம்.

பின்னேரம் நாடி பிடித்தேன். அதிசயம். ஒன்று, ஒன்று, ஒன்று. கோயில் மணி தோற்றது. 44. எண்ணைப் பார்த்தேனா? இல்லை, தாளத்தைத்தான் கேட்டேன். முருகன் டொக்குத்தரை வென்றான் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஓடினேன்.

"அம்மா சத்தி எடுத்துக்கொண்டு கிடக்கிறா. உங்களுக்குத் தேங்காயோ மாமா?" என்றாள் சரோஜா. ஆறு நாள் காய்ந்த குடல் சோற்றோடு சண்டை போடுகிறது என்று விளக்கம் கொடுத்தேன்.

11.11, செவ்வாய்

கிணற்றடியில் அக்கா மயங்கி விழுந்தாள். வாடகைக் காரில் ஆஸ்பத்திரி.

மறுபடி படம். மேலறை இன்னும் துடித்தபடிதான். ஆனால் அதிலிருந்து ஒன்றும் கீழே இறங்கவில்லையாம். கீழறை தன்பாட்டில், மெல்ல, ஒழுங்காக அடித்து உயிரைப் பிடித்துவைத்திருக்கிறது. குளிசை மிஞ்சினால் இப்படி. நான் தேங்காய் உடைத்தது இதற்கு.

எத்தனை போட்டவ என்று டொக்குத்தர் கேட்டார். ஏழு. முந்தானையில் முடிந்த ஆறும், அன்றைய ஒன்றும். பாரணைச் சோற்றோடு.

"ஆர் அம்மா உங்களுக்கு அப்பிடிச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. என்ரை மொக்குப் புத்தி."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் குடையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

12.11, புதன்

மழை விட்டது. கட்டிலடியில். மருந்து உடம்பை விட்டு இறங்கச் சில நாள் செல்லுமாம். அதுவரை நாடி விழாமல் இருக்க வேண்டும். பழையபடி கண்டபடி அடிக்கத் தொடங்கினால் நல்லது என்கிறார் டொக்குத்தர். முருகா, கோழி கிளறட்டும். உன் மயிலை என்றாலும் அனுப்பிக் கிளறு.

சரோஜாவிடம் சொல்லத்தான் வாய் திறந்தேன். வந்தது ஒரு பகிடி. விழுங்கினேன்.

"என்ன மாமா?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை."

பின்னேரம் ஐந்து மணி. 40. ஒழுங்கு.