எருமை மேல் மாப்பிள்ளை

தருமபுரி,
14-3-1973

அன்பு மகன் தாவூதுக்கு அப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் அம்மாவும் தங்கச்சி ஷகிலாவும் நலமாக இருக்கிறோம். பம்பாயில் உனக்கு அந்த இருமல் நின்றதா இல்லையா என்று மறைக்காமல் எழுது. ஷகிலா பரீட்சைக்குப் படிக்கிறாள், கடையில் தையல் வேலை பரவாயில்லை.

போன மாதம் உன் அம்மாவுக்கு டிரங்குப் பெட்டி பார்க்க பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ராஜப்பனின் பழைய சாமான் கடைக்குப் போனோம். யாரோ போட்டுவிட்டுப் போன பாட்டு ரிக்கார்டுகளில் பாதி உடைந்திருந்ததால் வெறும் உறை அட்டைகளைக் கயிற்றில் வரிசையாக மாட்டியிருந்தான். அந்தப் படங்களைப் பார்க்கவே கும்பல். ஒன்றில் தொந்திக்காரர் ஒருவர் கோட்டு டையோடு தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பிடில் வாசிக்கிறார். இன்னொன்று ஏதோ கல்யாண நகைச்சுவை ரிக்கார்டு, ஜரிகைத் தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை எருமை மேல் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து வாலைப் பிடித்திருக்கிறான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வருமளவு சிரிப்பு. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த மாப்பிள்ளையைக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது நம்ம கவுஸுங்க" என்றாள்.

என் தம்பி கவுஸ், உன் சாச்சாதான். உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது நாடகக் கம்பெனிக்குப் போகிறேன் என்றான். அப்படியானால் இந்த வூட்டு வாசலை மிதிக்காதே என்று நான்தான் துரத்தினேன். பதினோரு வருஷம், இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் கிடந்தேன்.

அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் மெட்ராஸ் அச்சாபீஸ் விலாசம் இருந்தது. அட்டையை வாங்கிக்கொண்டு மறுநாளே பஸ் ஏறினேன். அச்சாபீஸ்காரர்கள் அந்தப் படத்தை எடுத்த போட்டோ ஸ்டூடியோவுக்கு அனுப்பினார்கள். அங்கே பின்கட்டில் திரைச்சீலைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான், தலை நரைத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றான். அட்டையை நீட்டினேன். அவன் பார்த்துவிட்டு, "அந்த எருமை மூணு வாட்டி என்னைக் கீழ தள்ளிடுச்சுண்ணே" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் சொன்னது தப்புடா, வூட்டுக்கு வா" என்றேன். பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு, "அண்ணி என்ன சொல்வாங்க" என்று மட்டும் கேட்டான்.

என்னோடு வந்து நாலு நாள் இருந்தான். உன் அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் தட்டு போட்டுப் பரிமாறினாள். இங்கேயே இருந்துவிடச் சொன்னேன், வேலையை விட முடியாது, ரம்ஜானுக்கு வருகிறேன் என்று போய்விட்டான். அதற்குமேல் வற்புறுத்த எனக்கு வாய் ஏது.

உன்னைப் பற்றித்தான் அதிகம் கேட்டான். அவன் விலாசத்தைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், லீவில் வரும்போது மெட்ராஸில் இறங்கிப் பார்த்துவிட்டு வா, மறந்துவிடாதே. சின்ன வயதில் சாச்சா எங்கே என்று நீ கேட்டபோதெல்லாம், நம்மை வேண்டாமென்று அவனே போய்விட்டான் என்று சொல்லிவந்தேன். அது பொய். நீ என்னை மன்னிக்க வேண்டும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தருவானாக.

உன் அப்பா
நூர் பாஷா