இரண்டாம் பிளாட்பாரத்தில் நீங்கள் நின்றது எதற்கு

அக்கா,

இன்று காலை திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கியபோது, இரண்டாம் பிளாட்பாரத்து பெஞ்சில் ஒரு பச்சை ஒயர் கூடை இருந்தது. பக்கத்தில் யாருமில்லை. அரை நொடி உங்களைத் தேடிவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஒன்பது மாதமாகிறது. தண்ணீர் பிடிக்கப் போன கூடைக்காரி திரும்பி வந்து, நான் முறைப்பதைப் பார்த்துவிட்டுக் கூடையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். என் முகம் அப்படி. உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதை எழுதிவிடுகிறேன்.

நம் இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனி, ஒரே செக்கிங் டேபிள். ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடுவதுதான் எனக்குத் தொழில். மனிதர்களையும் அப்படித்தான் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். சோமனூரில் பாசஞ்சர் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகக் கூடையைப் போட்டு எனக்கும் சேர்த்து இடம் பிடித்தவர் நீங்கள். அதையே நான் சந்தேகித்தேன். ரத்த உறவில்லாதவளுக்கு எதற்கு இடம் பிடிக்க வேண்டும்?

திருப்பூர் ஸ்டேஷன் ஒரு காலத்தில் பஞ்சுப் பொதி ஏற்றத்தான் இருந்தது என்று உங்கள் மாமனார் சொன்னதாகச் சொல்வீர்கள். நாம் போய்வந்த நாளில் பார்சல் ஆபீஸ் வாசலில் பனியன் பண்டல்கள் ஏறின, ரயிலிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். தெற்கேயிருந்து வரும் காலை ரயிலில் எங்கள் ஊர்ப் பெண்கள் ரெக்சின் பையோடு இறங்கித் திருதிருவென்று நிற்பார்கள். மில்லுக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர்கள் அவர்களைத் தேடி வருவார்கள். நானும் அப்படி ஒருவன் பேச்சைக் கேட்டுப் போய், ஒரு மில்லின் பூட்டிய கேட்டுக்குள் ஒரு வருஷம் கிடந்தவள்தான்.

நீங்களோ எல்லோரோடும் வெளியே போகாமல் தினமும் இரண்டாம் பிளாட்பாரத்தில் பின்தங்குவீர்கள். புதுப் பெண்களிடம் பேசுவீர்கள், கூடையிலிருந்து துண்டுச் சீட்டு எடுத்துக் கொடுப்பீர்கள். ஒருநாள் வண்டியில் கேட்டேன், “தினமும் அங்க நீங்க யாரைப் பாக்கிய?”

“சும்மாதானுங்க எஸ்தரு. புதுசா வர்ற புள்ளைங்க முழிச்சுட்டு நிக்குதுங்க. வழி சொல்லுவேன்.”

இந்த ஊரில் சும்மா வழி சொல்ல யாருக்கு நேரமிருக்கிறது? புரோக்கரேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அதன் பிறகும் நீங்கள் பிடித்த இடத்தில் உட்கார்ந்து, நீங்கள் கொடுத்த தக்காளிச் சோற்றைத் தின்றேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

என் தங்கச்சி ஜெபா ஊரிலிருந்து கிளம்பும்போது போனில் சொன்னேன், “ஏட்டி, நான் வார வரைக்கும் யாருட்டயும் வாயத் தொறக்காத. பச்சைக் கூடை வச்சுக்கிட்டு ஒருத்தி வருவா. அவ பெரிய கள்ளி. கிட்ட வந்தா ஓடிரு.”

அவள் வந்த அன்று பார்த்து எங்கள் தெருவில் தண்ணீர் விட்டார்கள். எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர். குடத்தை விட்டுவிட்டுக் கிளம்ப மனமில்லை. பாசஞ்சர் போய்விட்டது. பஸ் பிடித்து வந்து பார்த்தால் ஜெபாவும் இல்லை, நீங்களும் இல்லை. நீங்கள்தான் கொண்டுபோய்விட்டீர்கள் என்று கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கத்திக்கொண்டிருந்தபோது உங்கள் போன் வந்தது.

“எஸ்தரு, உங்க தங்கச்சிய ஒருத்தன் மில்லுக்குக் கூட்டிட்டு வந்துட்டானுங்க. நீங்கதான் அனுப்புனீங்கன்னு பொய் சொல்லியிருக்கான். பல்லடத்துப் பக்கம். நான் கேட்டுக்கு வெளியதான் நிக்கறேன். வெரசா வாங்க.”

ஜாடையை வைத்து அவள் என் தங்கச்சி என்று கண்டுகொண்டீர்களாம். “கண்ணு, உங்கக்கா வந்துருவா, எங்கூட இரு” என்று கையைப் பிடித்தீர்களாம். அவள் கூடையைப் பார்த்தாள். உதறிக்கொண்டு அந்த ஆளிடம் ஓடினாள். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தாள். நீங்கள் வேலையை விட்டுவிட்டு அதே பஸ்ஸில் பின்னாலேயே ஏறியிருக்கிறீர்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயிலில் நின்று வாட்ச்மேனிடம் மரியாதை குறையாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். “கூடப் பொறந்தவ வந்துட்டாளுங்க. புள்ளைய அனுப்பறீங்களா, இல்ல நாங்க ரெண்டு பேரும் ரோட்டுலயே உக்காரட்டுங்களா?” உட்கார்ந்தே விட்டோம். சாயங்காலத்துக்குள் அனுப்பினார்கள். ஜெபாவுக்கும் ஒரு சீட்டு கொடுத்தீர்கள். வாங்கிப் பார்த்தேன். ஸ்டேஷன் எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தின் நம்பர். சிக்கிக்கொண்டால் அங்கே கூப்பிட்டு உங்களுக்குத் தகவல் சொல்லச் சொல்லித்தான் இத்தனை நாளும் கொடுத்திருக்கிறீர்கள்.

திரும்பி வரும் வண்டியில் கேட்டீர்கள், “பாப்பா ஏனுங்க என்னையப் பாத்து அப்படிப் பயந்துச்சு?”

“புது ஊருல்லா, அதான்” என்றேன். ஜெபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தபோதும் சொல்லத்தான் வந்தேன். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

சந்தேகம் என்னைவிட்டுப் போகவில்லை அக்கா. இப்போது அதை வைத்துக்கொண்டு உங்கள் இடத்தில் நிற்கிறேன். இப்போதெல்லாம் வடக்கேயிருந்து வரும் வண்டிகளில்தான் கூட்டம். இன்று ஒரு பெண் தனியாக இறங்கினாள். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இந்தியில், “எங்கே போகணும்?” என்று கேட்டேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பையை இறுக்கிக்கொண்டு விலகிப் போனாள். என்னைப் பற்றி யாரோ அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். வாசலில் காத்திருந்த ஒருவன் அவள் பையை வாங்கிக்கொண்டான். இருவரும் பல்லடம் பஸ்ஸில் ஏறினார்கள்.

நானும் ஏறினேன், அக்கா.