பகிர்வு டேபிளில் ஓர் எருமை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி பாவனை காட்டிவிட்டு மன்னார்குடிப் பக்கம் போய்விட்டது. பாலிடெக்னிக் லீவு.

தினேஷைப் பழிவாங்க வேண்டும். எப்படி என்று இன்னும் தெரியவில்லை. எதற்கு என்று எழுதி வைக்கிறேன், கோபம் ஆறிவிடக் கூடாது.

ஊருக்காக ஒரு வெப்சைட் செய்தேன். முறைத் தண்ணீர் எப்போது, அறுவடை மிஷின் யார் வயலில், எல்லாம் அதில். எங்கள் வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது, கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று போட்டோவோடு முதலில் பதிவு போட்டதும் நான்தான். என் வகுப்பு, என் தெரு தினேஷ், 'பகிர்' பொத்தானை அமுக்கினான். நான் எழுதிய புரோகிராம் கோடு அந்தப் பதிவை அப்படியே நகலெடுத்து, அவன் பெயரில் புதுப் பதிவாக்கிவிட்டது. என் பெயர் எங்கேயும் இல்லை. பகிர்வு இல்லை, பறிப்பு.

நேற்று ஊர்க் கூட்டத்தில் பஞ்சாயத்துத் தலைவர் அம்மா அவனுக்குச் சால்வை போட்டார். "வெப்சைட்டும் தம்பிதான் பண்ணுச்சாமே?" என்று யாரோ கேட்டார். அவன் தலையைக் குனிந்து வெட்கப்பட்டான். மறுக்கவில்லை!

தினேஷ் இல்லை, தின்னேஷ். இனி தி. மட்டும். முழுப் பெயருக்கு மை வீண்.

ஆகஸ்ட் 13, புதன்

தப்பு என் டேட்டாபேஸ் டேபிளில்தான். உட்கார்ந்து மாற்றினேன். பகிர்வுக்குத் தனி டேபிள். அதில் நான்கு கட்டம்: எந்தப் பதிவு, யார் பகிர்ந்தது, அவர் மேலே சேர்த்த வரி, நேரம். பதிவின் எழுத்தும் போட்டோவும் அதில் கிடையாது. மூலப் பதிவின் எண் மட்டும். யார் திறந்தாலும் மூலத்தைப் போய் எடுத்து வந்து காட்டும், எழுதியவர் பெயரோடு. மூலத்தை அழித்தால் பகிர்ந்த இடமெல்லாம் காலி.

அம்மா: "சோறு ஆறுது. அந்த டப்பாவ மூடிட்டு வாடி."

"டேபிள் போட்டுட்டு இருக்கேம்மா."

"மொதல்ல தட்டப் போடு."

சாப்பிடும்போது ஒரு யோசனை. மூலத்தை நான் திருத்தினால் தி. பக்கத்திலும் மாறும். அவனால் ஒன்றும் செய்ய முடியாது. மோர் புரையேறியது.

ஆகஸ்ட் 14, வியாழன்

அப்பா வயலிலிருந்து வந்ததும் செம்பைக்கூட வாங்கவில்லை. "இன்னும் ரெண்டு மூணு நாள்ல தண்ணி ஏறலன்னா நாத்து கருகிரும்." எங்கள் நாற்றங்கால் வாய்க்காலின் கடைசி மடையில்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் முடிவானதைப் பதிவாகப் போட்டேன்: 'ஞாயிறு காலை வாய்க்கால் சுத்தம். தலைவர் அம்மா பொக்லைன் அனுப்புகிறார். வீட்டுக்கு ஒருவர் அரிவாளோடு வரவும்.'

தி. உடனே பகிர்ந்தான். மேலே அவன் வரி: 'எல்லாம் என் முயற்சி. இப்படிக்கு, உங்கள் தினேஷ்.'

தூண்டில் போடாமலே மீன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய் இரண்டு.

வீட்டுக்கு வந்து மூலப் பதிவைத் திருத்தினேன். குளத்தில் கழுத்துவரை சேற்றோடு நிற்கும் எருமை போட்டோ. 'நம்ம ஊர் பெருமை, சேற்றில் ஓர் எருமை.' தி. பக்கத்தைத் திறந்தேன். எருமை. அதற்கு மேலே 'இப்படிக்கு, உங்கள் தினேஷ்.' தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு சிரித்தேன். டீ குடித்துவிட்டுப் பழையபடி மாற்றிவிடலாம்.

டீ முடிவதற்குள் அப்பாவின் போன் அடித்தது.

பகிர்ந்தது தி. மட்டுமா? பாதி ஊர். எல்லாம் ஒரே மூலத்தைத்தான் காட்டுகின்றன. நான்தானே கட்டினேன், எப்படி மறந்தேன்? தலைவர் அம்மாவின் பக்கத்தில்: 'அனைவரும் வருக. நேரில் சந்திப்போம். உங்கள் தலைவர்.' கீழே எருமை.

மாற்றினேன். பயனில்லை. அதற்குள் எல்லார் வாட்ஸப்பிலும் ஸ்க்ரீன்ஷாட். தலைவர் அம்மா அப்பாவிடம் சொன்னாராம்: "பொக்லைன் வராதுங்க. எருமையவே கட்டி இழுத்துக்கங்க."

அப்பா வயல் பக்கம் போய்விட்டார். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

சமுதாயக் கூடத்தில் அவசரக் கூட்டம். தலைவர் அம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை.

"எம் பக்கத்துலயே எருமைய ஏத்துற மாதிரி இந்த வெப்சைட்டப் பண்ணுனது யாரு?"

எல்லாத் தலையும் தி. பக்கம் திரும்பியது. திங்கட்கிழமை அதே கேள்விக்கு வெட்கப்பட்டவன். எனக்கு வயிறு குளிர்ந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

தி. எழுந்தான். வேர்வை. "அம்மா, சத்தியமா நான் இல்லம்மா. எனக்கு கம்ப்யூட்டர்ல சினிமா பாக்கத்தான் தெரியும். கோடு, டேபிள், வாய்க்கால் போட்டோ, எருமை, எல்லாமே கயல்விழிதாங்க."

இந்த வாக்குமூலத்தை இதே கூடத்தில் கேட்க எத்தனை ஆசைப்பட்டேன். கேட்டுவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. அப்பா தரையைப் பார்த்தார்.

"மன்னிச்சிருங்க" என்றேன்.

"மன்னிப்பு வாய்க்கால அள்ளுமா? நாளைக்கு மொத ஆளா நீ எறங்கு. நீ எறங்குனேன்னு சேதி வந்தாத்தான் மிஷின் கெளம்பும்."

தி. சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன். குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விடிந்ததும் இறங்கினேன். இடுப்பளவு சேறு. ஆகாயத்தாமரை வேர் காலைச் சுற்றுகிறது. அட்டை, வலது காலில். பின்னாலேயே அப்பா, அப்புறம் ஒவ்வொருவராக. பொக்லைனும் வந்தது. சாயங்காலம் எங்கள் மடையில் தண்ணீர் எட்டிப்பார்த்தது. நாற்று பிழைக்கும்.

தி. கரையில் நின்று போட்டோ எடுத்தான். முகமெல்லாம் சேறு, தலையில் ஆகாயத்தாமரை, நான். பதிவாகப் போட்டான்: 'ஒரிஜினல் எருமை.' ஊரே பகிர்கிறது.

டேட்டாபேஸ் என் கையில். ஒரே வரிக் கட்டளை போதும். மூலத்தை அழித்தால் எல்லார் பக்கத்திலும் போய்விடும். கட்டளையை டைப் செய்தும்விட்டேன். என்டரை அமுக்கும் முன் யார் யார் பகிர்ந்தார்கள், அடுத்து யாரைப் பழிவாங்கலாம் என்று பார்த்தேன்.

முதல் பெயர் அப்பா. மேலே அவர் சேர்த்த வரி: 'எம் பொண்ணு. வெப்சைட்டும் அவதான். வாய்க்காலும் அவதான்.'

மூலம் போனால் இதுவும் போகும்.

அழிக்கவில்லை. தி.க்குத் தெரியவே கூடாது. கரையில் கழற்றிப் போட்டிருந்த அவன் செருப்பில் ஒன்றை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன்.