காய்ச்சல் இறங்கும் வரை

ஜூலை 8, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கராச்சர்மா ரோட்டில் பாதி தண்ணீர். ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் முழங்கால் வரை நனைந்தாயிற்று.

மகள் மதுவுக்கு நேற்று சாயங்காலம் காய்ச்சல். 101. மற்ற வீட்டுப் பிள்ளைக்கு 101 என்றால் ஒரு மாத்திரை, ஒரு நாள் லீவு. எங்கள் பிள்ளைக்கு ராத்திரியே அட்மிஷன். ரத்தப் புற்றுக்கு மருந்து போய்க்கொண்டிருக்கிற உடம்பு. வெள்ளை அணு ரொம்பக் குறைவு, சின்னத் தொற்றும் தாங்காது, காய்ச்சல் என்றால் உடனே ஓடுங்கள் என்று சென்னையில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஒன்பது வயது. இந்த வருடம் இன்னும் பள்ளிக்கூட வாசல் மிதிக்கவில்லை.

தனி அறை. உள்ளே ஒருவர் மட்டும். மாஸ்க் கட்டாயம். உள்ளே அவள் அம்மா சாந்தி. எப்போதுமே சாந்திதான்.

நான் வெளியே. டீ வாங்கப் போனேன். ஃபிளாஸ்க்கை மறந்து மறுபடி போனேன். பிறகு ஜெராக்ஸ் கடை. திரும்பி வந்தபோது சாந்தி கதவை ஒரு விரல் அளவு திறந்தாள்.

"இப்ப எங்க போயிட்டு வர்றீங்க?"

"ஜெராக்ஸ்."

"எதுக்கு?"

கையிலிருந்ததை நீட்டினேன். ஆதார் அட்டை, இரண்டு பக்கமும்.

டாக்டர் இருவரையும் கதவருகே நிறுத்திச் சொன்னது: ஆன்டிபயாடிக் ஆரம்பித்தாயிற்று. சில நாள் பார்க்கலாம். இறங்காவிட்டால் மெயின்லேண்ட், மறுபடி சென்னைதான்.

சென்னை ஆஸ்பத்திரியில் பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. "உக்கார முடியலன்னா எழுதிப் பாருங்க சார்." எழுதுகிறேன். நின்றுகொண்டுதான்.

ஜூலை 9, செவ்வாய்

மழை. காற்று. காலை விமானம் மேலே சுற்றிவிட்டு இறங்காமலே திரும்பிப் போயிற்றாம். டீக்கடையில் பேச்சு. கப்பலும் இன்றைக்கு இல்லை. இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவன் நான், கடலை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இன்று மாடிப்படி ஜன்னலில் நின்று பார்த்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் அதுதான்.

காய்ச்சல் 102.

பக்கத்து வீட்டு ராவ் போன். பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொன்னார். நல்ல மனிதர். "அது டெங்குவுக்குங்க" என்று கத்திவிட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டு நானே போன் போட்டேன். எடுக்கவில்லை.

அபர்தீன் பஜாரில் தெர்மாமீட்டர் வாங்கினேன். எங்களிடம் ஏற்கனவே இரண்டு உண்டு. அவை தப்பாகக் காட்டுகின்றன என்று ஒரு நினைப்பு. புதியதும் 102 என்றது.

மது கண்ணாடி வழியாகக் கை காட்டினாள். நானும் காட்டினேன். அதற்குள் நர்ஸ் ஊசித் தட்டோடு வந்தார். நான் தண்ணீர் பாட்டில் வாங்கக் கீழே இறங்கிவிட்டேன்.

என் சாப்பாடு: இட்லி, பாதி. குளியல்: இல்லை.

ஜூலை 10, புதன்

லீவு போட்டிருந்தும் லைன்மேன் வேலைக்குப் போனேன். சௌல்தாரியில் பாக்கு மரம் லைன் மேல் விழுந்து மூன்று வீதி கரண்ட் இல்லை என்று கூட வேலை பார்க்கும் பிஸ்வாஸ் யாரிடமோ பேசியது காதில் விழுந்தது. நானும் வருகிறேன் என்று ஜீப்பில் ஏறிவிட்டேன். மேலதிகாரி ஜே.ஈ. என்னைப் பார்த்தும் இறக்கிவிடவில்லை. ஆள் பற்றாக்குறை.

லைனை ஆஃப் செய்து, எர்த் போட்டு, நான்தான் ஏறினேன். ஏறும்வரை நன்றாக இருந்தது. ஆஸ்பத்திரி நாற்றம் இல்லை. ஈரப் பாக்குத் தோப்பு, தவளைச் சத்தம். உச்சியில் பெல்ட்டை மாட்டப் போனபோது கொக்கி வளையத்தில் விழாமல் நழுவிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஆனதில்லை. கடைசிவரை மாட்டவில்லை. ஒரு கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டேன். கீழே வயல் தண்ணீர் மினுங்கிற்று.

பிஸ்வாஸ் பார்த்துவிட்டான். கத்தவில்லை. குழந்தையிடம் பேசுவதுபோல, "நீச்சே ஆஜா யார், தீரே தீரே" என்றான். கீழே இறங்கு, மெதுவாக. இறங்கினேன். அவன் என் ஹெல்மெட்டை வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

"தேரி பேட்டி உதர் ஹை. தூ இதர் கியா கர் ரஹா ஹை?"

உன் மகள் அங்கே, நீ இங்கே என்ன செய்கிறாய். பஸ் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் டிக்கெட்டும் அவனே சொன்னான்.

பஸ்ஸில் இருக்கும்போதே சாந்தி போன். "ஏங்க, எனக்கு இருமல் வந்துருச்சு. சிஸ்டர் வெளிய போகச் சொல்லிட்டாங்க. பாப்பா தனியா இருக்கா. நீங்க எங்க இருக்கீங்க?"

எங்கே இருக்கிறேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மாலை. சாந்தி ஷாதிபூரில் அக்கா வீட்டுக்குப் போனாள். போகிறபோது கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். அதுவரை அழாத மது அப்போது அழுதாள். நான் மாஸ்க், தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே. என்னைப் பார்த்ததும் அவள் சொன்னது:

"அம்மா எப்ப வருவாங்க?"

ஜூலை 11, வியாழன்

மழை விட்டு விட்டு. 102.4.

காலையில் மதுவின் கை வீங்கிவிட்டது. ட்ரிப்ஸ் ஊசியை எடுத்து வேறு இடத்தில் போட வேண்டும். சிஸ்டர் தட்டை வைத்தார். நான் எழுந்தேன். எதற்கென்று எனக்கே தெரியாது. கால் தானாகவே எழுந்தது.

"போறீங்களா?" என்றாள் மது. "நீங்க எப்பவும் போயிருவீங்க. இந்தத் தட்டு வந்தா."

உட்கார்ந்தேன்.

முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. மது என் சட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டாள். தலையில் முடி இல்லை, சூடு நேராக என் கழுத்தில் பட்டது. சிஸ்டர், "பஸ் பாப்பா, ஹோ கயா", அவ்வளவுதான், முடிந்தது என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். முடியவில்லை. மூன்றாவதில் கிடைத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் முறையாக.

சிஸ்டர் போனதும் மது கையில் ஒட்டிய பிளாஸ்டரைத் தடவிப் பார்த்தாள். பிறகு,

"அப்பா, உங்களுக்கு டர்ரா இருக்கா?"

பயம் என்கிற சொல் அவளுக்கு ஹிந்தியில்தான் வரும். பள்ளிக்கூடப் பழக்கம்.

"இருக்கு."

"எவ்ளோ?"

"நிறைய. கம்பத்துல ஏறும்போதுகூட இவ்ளோ இல்ல."

யோசித்தாள். முகத்தில் ஏதோ தளர்ந்த மாதிரி. "அம்மா இல்லவே இல்லங்கறாங்க. ஜூட். பொய்யி. பாத்ரூம்ல போய் குழாயத் திறந்துவிட்டுட்டு அழுவாங்க. எனக்குக் கேக்கும்."

"நீ அம்மாட்ட சொன்னியா?"

"சொன்னா இன்னும் அழுவாங்கல்ல."

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள். கூரையைப் பார்த்துக்கொண்டு, பென்சில் கேட்பதுபோல. "நான் செத்துருவேனா?"

ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. தெரியாது என்றும் வரவில்லை. ஸ்டூலைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"அப்படி ஆகக் கூடாதுன்னுதான் பாப்பா டாக்டர், சிஸ்டர், அம்மா, நான், எல்லாரும் இருக்கோம்."

"அப்ப நீங்க போகாதீங்க."

"போகல."

கொஞ்சம் கழித்து அவளே இரங்கினாள். "பாத்ரூம் மட்டும் போங்க."

ஜூலை 12, வெள்ளி

வெயில்! விமானங்கள் வருகின்றன.

காலை 100. கட்டைவிரல் உயர்த்தும் படத்தோடு சாந்திக்கு மெசேஜ். மதியம் மறுபடி 102. மெசேஜை அழிக்க முடியுமா என்று பார்த்தேன்.

டாக்டர்: மருந்து மாற்றியிருக்கிறோம். நாளை காலை ரத்தம் எடுக்கிறோம். வெள்ளை அணு ஏறாவிட்டால் மெயின்லேண்டுக்கு அனுப்பிவிடலாம், தயாராக இருங்கள். பையை எடுத்து வைக்கச் சாந்தியிடம் சொன்னேன். ஸ்வெட்டர், ரிப்போர்ட் ஃபைல், மதுவின் கலர் பென்சில்.

நேற்று குழாய் பற்றி மது சொன்னதையும் போனில் சொன்னேன். சொல்லலாமா வேண்டாமா என்று காலை முழுக்க யோசித்துத்தான். அந்தப் பக்கத்திலிருந்து, இருமிக்கொண்டே,

"குழாயத் திறந்துவிட்டா கேக்காதுன்னு நெனச்சேங்க."

எனக்கும் கேட்டதில்லை என்று சொல்ல முடியுமா. நான் அங்கே இருந்தால்தானே.

"அவட்ட குடுங்க" என்றாள். கொடுத்தேன். இருவரும் என்ன பேசினார்கள் தெரியாது. மது முதலில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "நானும்தான் அம்மா, நானும்தான்" என்றாள். அப்புறம் இருவரும் ரசம் சாதம் பற்றிப் பேசினார்கள்.

என் கால் தானாக ஆடிக்கொண்டே இருக்கிறது. "கால ஆட்டாதீங்கப்பா, கட்டில் ஆடுது." தன் காலை எடுத்து என் முழங்கால் மேல் வைத்தாள். குச்சி மாதிரி கால். அசையாமல் இருக்க எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது.

ராவ் வந்தாராம். கீழே செக்யூரிட்டியிடம் இளநீர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வெளிச் சாமான் உள்ளே அனுமதி இல்லை. நான் குடித்தேன்.

ஜூலை 13, சனி

லேசான மேகம். விடிகாலையில் ரத்தம் எடுத்துப் போனார்கள். 99.4. நம்பவில்லை. மறுபடி வைத்தேன். அதே.

ரிசல்ட் எப்போது என்று கேட்கக் கூட வெளியே போகவில்லை. ஸ்டூலில்தான் இருந்தேன். மது படம் வரைந்துகொண்டிருந்தாள். சுவரில் சாய்ந்தது ஞாபகம். அப்புறம் ஒன்றும் ஞாபகம் இல்லை.

முழித்தபோது கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் வெயில் எங்கோ போய்விட்டது. மது நிமிர்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் வந்துட்டுப் போயிட்டாரு."

எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது. "என்ன சொன்னாரு? ஏன் எழுப்பல?"

"அவர் எழுப்பத்தான் வந்தாரு. நான் வேணாம்னு சொன்னேன். நானே ஹிந்தில பேசினேன். வெள்ளை செல்லு ஏறுதாம். மெயின்லேண்ட் இப்ப வேணாமாம். இன்னும் ஊசி உண்டு."

வெளியே ஓடி சிஸ்டரிடம் கேட்டேன். உண்மைதான். கொஞ்சம்தான், ஆனால் ஏறுகிறது. சென்னைக்கும் பேசிவிட்டார்களாம். அடுத்த சுற்று மருந்து அங்கே இருக்கவே இருக்கிறது.

திரும்பி வந்து சாந்திக்கு போன் போட்டேன். இரண்டு தடவை தப்பான பெயரை அழுத்தினேன். மது பிடுங்கித் தானே போட்டாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"எழுப்பியிருக்கலாம்ல பாப்பா?"

"நீங்க தூங்கி நான் பாத்ததே இல்ல" என்றாள். "வாயத் திறந்துட்டு தூங்குறீங்க. அதத்தான் பாத்துட்டு இருந்தேன். ஹலோ, அம்மா?"