முடிப்பதற்குள் வந்த சிரிப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அவர் குறட்டையும் சுகம், பக்கத்து வீட்டுக்காரர்தான் தூக்கமில்லாமல் இருக்கிறார். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இதில் பாதியாவது நிஜமாக இருக்கட்டும். குளியலறைக் குழாய் ஒழுகுவதைத் தானே சரி பண்ணுகிறேன் என்று அப்பா கிளம்பினார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குப் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பாய், அஞ்சாம் வகுப்போடு நின்றவள் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்பதும் உனக்குத் தெரியும். ஃபோனில் என்றால் நடுவில் ஏதாவது கிண்டல் பண்ணித் தப்பித்துவிடுவேன், அதனால்தான்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற எங்கள் பகுதியில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள், நிதானமாக வேலை செய்வாள், நான் ஆமை என்று பேர் வைத்தேன் என்று சொல்லியிருந்தேனே, அவள் விஷயம் இது. எனக்குக் கீழே பதினொரு பேர், நாலு வருஷமாக அதிகத் துணி முடிப்பது எங்கள் ஷிப்டுதான், சுவரில் என் போட்டோ தொங்குகிறது, அந்த மிதப்பு எனக்கு. யாரையும் திட்டியதே இல்லை, கிண்டலிலேயே வேலை வாங்கிவிடுவேன் என்று நான் பீற்றிக்கொள்ளாத ஆள் இல்லை. போன வாரம் திங்கட்கிழமை இவள் வந்து, அக்கா, அந்தத் தேய்க்கிற மெஷின்ல கம்பி என்று ஆரம்பித்தாள். விரிப்பு உள்ளே போகிற இடத்தில் ஒரு கம்பி இருக்கும், கை பட்டால் மெஷின் நின்றுவிடும், அது வேலை செய்யவில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள். நான் விட்டேனா, ஆமை இன்னைக்கு என்ன சாக்கு சுமந்துட்டு வந்திருக்கு பாருங்கடி என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாள். வியாழக்கிழமை அவள் கை பட்டும் மெஷின் நிற்கவில்லை, வலது கையில் மூன்று விரல் வெந்துவிட்டது.

மேனேஜர் வந்து கேட்டபோது, என் கவனக்குறைவுதான் சார், அக்காமேல ஒண்ணும் இல்ல என்று அந்த வலியிலும் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஊரையே பேச்சில் மடக்குகிற என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. கவனமில்லாதவளை வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி அவர் எழுதிக்கொண்டார், அதற்கும் தலையாட்டினேன். இதை உனக்கு எழுதவே கை கூசுகிறது.

சனிக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். ஒற்றை அறை, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், வீட்டுக்காரர் பின்னால் நின்று அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் கேட்டால்தானே, பழக்கதோஷத்தில் ஏண்டி ஆமை, வேலைக்கு டிமிக்கி குடுக்க என்று ஆரம்பித்துவிட்டேன். நான் முடிக்கவே இல்லை, அதற்குள் சிரித்தாள். அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது, அவள் சிரித்து முடித்துவிட்டாள். வீட்டுக்காரர் சீப்பை நிறுத்திவிட்டு, வீட்ல இவ இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லக்கா என்றார். சுருக்கென்றது. அடிக்க ஓங்கினால் கையைத் தூக்கி முகத்தை மறைப்போமே, அந்த மாதிரிச் சிரிப்பு அது. மற்றவர்களும் நாலு வருஷமாக எனக்கு அதைத்தான் சிரித்திருக்கிறார்கள், நான் என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுதியதை அடித்துத் திருத்தினார், அவள் வேலைக்கு இனிப் பயமில்லை. என் பதவி நிற்குமா என்பது வெள்ளிக்கிழமை தெரியும், அப்பாவிடம் சொன்னேன், போனாப் போகுது விடு என்று மட்டும் சொன்னார். போன மாதம் உன் ஆபீஸில் கேள்வி மேல் கேள்வி கேட்கிறவருக்கு நீ சந்தேகப் பெட்டி என்று பேர் வைத்தாய், மீட்டிங்கில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்றாய், என் மகளாச்சே என்று நானும் பூரித்தேன். அது தப்பு. புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் அவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பார், அவர் கேட்க வந்தது என்ன என்றும் கேட்டுவிடு.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன். முந்தாநாள் ஃபோனில் உன் உடம்பைப் பற்றி ஏதோ கேலி ஆரம்பித்தேன், நான் முடிக்கும் முன்பே நீ சிரித்தாய். ஃபோனை வைத்த பிறகு யோசித்தேன், சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான் சிரிக்கிறாய்.

நோய் நொடி அண்டாமல், மனசறிந்த மனிதர்கள் சூழ நீ நீடூழி இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், என் வாய் சும்மா இருக்காது, ஏதாவது சொல்லும். சிரிப்பு வராவிட்டால் சிரிக்காதே கண்ணு. நீ பேசும்வரை நான் லைனிலேயே இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா